துரைசானி நாளில் கொடுத்த சேலை

துரைசானியின் வாழ்க்கையை வருஷம் தவறாமல் எழுதிக் கொடுப்பவள் நான். எங்கள் பள்ளிக்கூடத்துத் துரைசானி நாள் விழாவுக்கான எட்டுப் பக்கச் சிறு புத்தகம். சிவகாசியில் காலண்டர் ஆர்டர் தலைக்கு மேல் ஓடும் நேரத்தில், ஏதாவது ஒரு அச்சகத்தில் போய் நின்று கெஞ்சித்தான் அதை அடித்து வாங்க முடியும். அட்டையில் அவள் படம்: கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை, சிரிக்காத வாய். உள்ளே வருஷா வருஷம் அதே கதை. சீமையில் இருந்து கப்பலில் வந்தாள். வந்த சில வருஷத்திலேயே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்தாள். ஊர் திரும்பாமல் மாட்டு வண்டியில் கரிசல்காட்டுக் கிராமங்களைச் சுற்றி ஊழியம் செய்தாள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினாள். கிணறு வெட்டினாள். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் விடுதியும் கட்டினாள். அந்தப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியிலேயே அடக்கமானாள். புத்தகத்தில் 'அம்மையார்' என்று மரியாதையாகத்தான் எழுதுவேன். இங்கே 'அவள்' என்றே எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் இப்போது அந்த அளவுக்குப் பழகிவிட்டோம்.

இந்த வருஷம் புத்தகம் எழுத மாட்டேன் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். "உடம்புக்கு என்ன டீச்சர்?" என்று கேட்டார். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. கல்லுமாதிரி இருக்கிறேன். அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

நான் கிறிஸ்தவள் இல்லை. எங்கள் தெரு ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த சம்சாரிகளின் காட்டில் கூலிக்குப் போன தெரு. இப்போது விடிந்தால் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கிற தெரு. துரைசானி கட்டிய விடுதியில், ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்பது அவள் காலத்துச் சட்டம். நிறைய வீடுகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நல்ல மனசோடு போட்ட சட்டம்தான். எங்கள் அம்மாவுக்கு நானும் என் தங்கச்சியும் இரண்டு பேர். படிப்பு வந்தது தங்கச்சிக்கு. என் வாய்ப்பாட்டை நான் ஒப்பிக்கத் திணறும்போது அவள் அடுப்படியில் இருந்து எடுத்துக் கொடுப்பாள். ஆனால் எனக்கு இளைப்பு. தீப்பெட்டி ஆபீஸில் பத்து நாள் உட்கார்ந்ததற்கே மூச்சு வாங்கியது. "இது கந்தகத்துக்கு ஆகாது, இதைப் பள்ளிக்கூடத்துல தள்ளு" என்றார்கள். நான் படித்தது நெஞ்சுச்சளி புண்ணியத்தில். அவள் பட்டாசு மருந்துக்குள் போனது நெஞ்சு நன்றாக இருந்த பாவத்தில்.

இதைச் சொல்லி அவள் ஒரு நாளும் என்னைக் குத்தியதில்லை. கிண்டல் மட்டும் உண்டு. "எக்கா, உன் சளிய எனக்குக் கொஞ்சம் குடுத்திருந்தா நானும் டீச்சர் ஆயிருப்பேன்" என்பாள். சிரிப்போம். எப்படித்தான் சிரித்தோமோ!

துரைசானி நாள் தீபாவளிக்குச் சில வாரம் முன்னால் வரும். அன்றைக்குத் துணி கொடுப்பது பழைய வழக்கம். துரைசானி தன் காலத்தில் கூலிக்காரப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள், அதன் ஞாபகமாக. இப்போது பழைய மாணவிகள் உதவி அனுப்புவார்கள். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் முக்கால்வாசிப் பேர் பட்டாசு வேலைக்காரிகள். அவர்களுக்கு ஆளுக்கொரு சேலை. வாங்கும் பொறுப்பு என் தலையில். நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட பொறுப்பு அது. கொடுக்கிற கை மேலே இருக்கும் இல்லையா, அந்த ருசி லேசில் விடாது.

விருதுநகரில் பாய் கடையில்தான் எடுப்பேன். பாய்க்கு என் வயசிருக்கும். கடையை அவர் அத்தா நடத்திய நாளில் இருந்து பழக்கம். போன வருஷமும் போனேன். வழக்கம்போல நூல் சேலைக் கட்டை எடுத்து முன்னால் போட்டார். நான் அதைத் தள்ளிவிட்டு, மேல் தட்டில் மின்னிக்கொண்டிருந்த பூனம் சேலைகளைக் காட்டினேன். மயில்கழுத்து நிறம், அரக்கு, ஆனந்தா நீலம். ஓரத்தில் ஜரிகை மாதிரி ஒரு பளபளப்பு.

பாய் அவற்றை எடுக்கவில்லை. "டீச்சரம்மா, இவுக மருந்து வேலைக்குப் போறவுகல்ல? காட்டன்தானே நல்லது? இது மேல நெருப்புப் பட்டா உருகி ஒட்டிக்கிரும்" என்றார்.

எனக்குத் தெரியாதா என்ன? கம்பெனிக்குள் நூல் துணி மட்டும்தான் என்பது எங்கள் தெருவில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். "வேலைக்கா கட்டப் போறாக? விசேஷத்துக்குக் கட்டுவாக. வருசா வருசம் நூல் சேலையக் குடுத்தா மூஞ்சியச் சுளிக்கிறாக பாய். ரெண்டு துவைப்புல சாயம் போயிருதுங்கிறாக" என்றேன்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாகளா?" என்று சிரித்தார்.

"பாப்பாக. எங்க தெருவுல பாப்பாக."

அவர் மறுபடியும் ஒரு தடவை நூல் சேலைக் கட்டைத் தட்டிக் காட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டேன். இன்னொரு காரணமும் இருந்தது, அதைப் பாயிடம் சொல்லவில்லை. போட்டோவில் நன்றாக விழும். உதவி அனுப்பியவர்களுக்குப் போட்டோ அனுப்ப வேண்டும். வெளிறிய நூல் சேலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிற பெண்களைவிட, மினுமினுவென்று மயில்கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் பார்க்க எடுப்பாக இருப்பார்கள். இதற்காகத்தான். இவ்வளவுதான் என் தர்மம்.

தங்கச்சியின் மகள் எங்கள் விடுதியில் படித்து, அந்த வருஷம் வைகாசியில் கல்யாணமாகிப் போய்விட்டாள். சட்டப்படி பார்த்தால் தங்கச்சிக்குச் சேலை கிடையாது. நான் முதலிலேயே ஒன்றை உருவி என் பைக்குள் வைத்துவிட்டேன். இருந்ததிலேயே நல்ல மயில்கழுத்து. வீட்டில் போய்க் கொடுத்தபோது அதை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். "எம்மாடி, எம்புட்டு மினுக்கு! உங்க துரைசானிக்கு வந்த வாழ்வைப் பாரேன்" என்றாள். அவள் வீட்டுக்காரர் லோடு ஏற்றுகிறவர், அதிகம் பேசாத மனுஷன். அவர்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவள் வெட்கப்பட்டாள். அந்த வயசில் அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சீசன் முடிகிற கடைசி நாளில் கம்பெனியில் பூஜை போடுவார்கள். பொரிகடலை, ஸ்வீட் பாக்ஸ். அன்றைக்கு மட்டும் பெண்கள் நல்ல சேலை கட்டிப் போவார்கள். மாற்றுச் சேலை ஒன்று வயர் கூடையில் இருக்கும். வேலை இருந்தால் அதை மாற்றிக்கொண்டு உட்காருவார்கள். பூஜை நாள் என்பதால் வாசலில் சோதிக்கிறவளும் கண்டும் காணாமல் விட்டுவிடுவாள். தங்கச்சி மயில்கழுத்தைக் கட்டிக்கொண்டு போனாள். கூடையும் கொண்டுபோனாள். பூஜை முடிந்தது. யாரோ ஓடிவந்து, கடைசி லோடு நிற்கிறது, ஒரு அரை மணி நேரம் கை கொடுங்க என்று கூப்பிட்டார்கள். பெட்டியில் அடுக்குகிற வேலைதானே, இதற்குப் போய் மாற்றுவானேன் என்று மூன்று பேர் எழுந்து போனார்கள். மற்ற இரண்டு பேர் கட்டியிருந்தது நூல்.

பக்கத்து அறையில் தீப்பிடித்தது. எதில் பிடித்தது என்று இன்றுவரைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூன்று பேருமே வெளியே ஓடிவந்தார்கள். முந்தானையில் பிடித்த தீயோடு நூல் சேலைக்காரிகள் இரண்டு பேரும் சேலையை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தரையில் உருண்டார்கள். ஒருத்திக்குக் கையோடு, ஒருத்திக்குக் காலோடு போனது. என் தங்கச்சியும் அவிழ்த்தாள். அவிழவில்லை.

வகுப்பில் இருந்தேன். துணைப்பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் எழுந்து நிற்பதில்லை. அப்படியே உட்கார்ந்தபடி திசை பார்ப்பார்கள். எங்கள் வீட்டாள் வேலைக்குப் போகிற கம்பெனி எந்தப் பக்கம், சத்தம் எந்தப் பக்கம் என்று. அன்றைக்கு நானும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக்காரரிடம் இருந்து போன். "மதினி, மதுரைக்குக் கொண்டு போறாக" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தீக்காய வார்டில் ஒரு நர்ஸ், சின்னப் பெண், கத்தரியும் இடுக்கியுமாகத் தங்கச்சியின் முதுகில் வேலை செய்துகொண்டிருந்தாள். "என்ன சேலைம்மா இது?" என்று என்னிடம் கேட்டாள். அவள் இடுக்கியில் எடுத்து எடுத்துத் தட்டில் வைத்தது கறுப்பாக இருந்தது. ஓரத்தில் மட்டும் மயில்கழுத்து நிறம். கண்ணே, என் செல்லமே, உனக்கு நானே கொள்ளி வைத்துவிட்டேனே என்று வாய்க்குள்ளேயே கத்தினேன். வெளியே சத்தம் வரவில்லை. அழக்கூட வக்கில்லாமல் நின்றேன்.

அவளைப் பார்க்க அரை மணி நேரம்தான் விடுவார்கள். மீதி நேரமெல்லாம் வராந்தாவில். அந்த வராந்தாவில்தான் துரைசானி திரும்பி வந்தாள்.

பள்ளி ஆபீஸ் அலமாரியில் அவள் எழுதி அனுப்பிய அறிக்கைகளின் தமிழ்ப்படி ஒரு கட்டு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முழுவதும் படித்திருக்கிறேன். அதில் இருந்துதான் கஞ்சியையும் கிணற்றையும் பொறுக்கிப் புத்தகத்தில் போட்டேன். ஒன்றை மட்டும் போடவில்லை. அது ரவிக்கைக் கதை.

எங்கள் தெரு மாதிரி ஒரு தெரு. எங்கள் தெருவேதானோ என்னவோ, அவள் ஊர்ப்பெயரை எழுதவில்லை. அந்தத் தெருப் பெண்கள் ரவிக்கை போடக் கூடாது என்பது காட்டுக்காரர்கள் வைத்த கட்டு. அங்கே ஒரு பெண்ணுக்குத் துரைசானி ரவிக்கை கொடுத்தாள். அறுவடை சமயம். கூட இருந்த உபதேசியார், 'அறுப்பு முடியட்டும் அம்மா, இப்போது கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து' என்று சொல்லியிருக்கிறார். துரைசானி கேட்கவில்லை. அந்த மாச அறிக்கையில் இத்தனை பெண்கள் ரவிக்கை போட்டார்கள் என்று எழுத வேண்டும், சீமையில் காத்திருக்கிறார்கள். அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டே கதிரறுக்கப் போனாள். காட்டுக்காரர்கள் அதைக் கிழித்தெடுத்து வரப்பிலேயே கொளுத்தி, புளிய விளாறால் அவள் முதுகை உரித்துவிட்டார்கள்.

துரைசானி அந்தக் குடிசைக்குப் போனாள். அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் போனாள். அப்படியே பல நாள் போய், வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு நாள் உள்ளே குனிந்து, உன்னை அடிப்பார்கள் என்று எனக்கு முன்னமேயே தெரியும், தெரிந்துதான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். இதை அவளே தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள். அதற்கு அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று இல்லை. அந்தப் பக்கம் அங்கே முடிகிறது. அடுத்த பக்கத்தில் கிணறு வெட்டிய சேதி வருகிறது.

விழாவுக்கு எடுக்கிற புத்தகத்தில் இது எதற்கு என்று விட்டுவிட்டேன். வருஷா வருஷம் விட்டேன். அந்தக் கதையை ஒரு தடவையாவது எழுதியிருந்தால், பாய் கடையில் அன்றைக்கு என் கை நூல் பக்கம் போயிருக்குமோ? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நாலாம் நாள் தங்கச்சிக்கு நல்ல நினைவு இருந்தது. இது நல்ல அறிகுறி என்று நான் நினைத்தேன். நர்ஸ் அப்படி நினைக்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போய்விடப் போகிறாள். சொல்ல வேண்டுமானால் இப்போதுதான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பிறகு யாரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னால், என்னை வெறுத்துக்கொண்டே போவாளே?

கொசுவலைக்கு வெளியே குனிந்து சொன்னேன். "ஏட்டி, பாய் என்னைய தடுத்தாரு. நூல் எடுங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. உருகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தேன். போட்டோவுக்காக எடுத்தேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுவர் பக்கம் திரும்ப அவளால் முடியாது. அதனால்தான் மூடிக்கொண்டாள் என்று நினைத்தேன். பிறகு மெல்ல, மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, "எக்கா, இது உனக்குத்தான் புதுசு. கையில தொட்டா தெரியாதா எனக்கு, எது நூலு, எது நைலான்னு? நான் மருந்துக்குள்ளயே கிடந்தவ" என்றாள்.

"பெறகு எதுக்குடி கட்டுன? கூடையில நூலு இருந்துச்சுல்ல? கிறுக்கி, எதுக்குடி கட்டுன?" அந்த நிலைமையிலும் அவளைத் திட்டினேன். என் புத்தி அப்படி.

"எல்லாரும் பாக்கட்டும்னுதான். எங்கக்கா டீச்சரு குடுத்ததுன்னு சொன்னேன். எல்லாத்துக்கிட்டயும் சொன்னேன்."

அவள் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன்.

"அந்தச் சேலை இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

"எரிஞ்சது போக மிச்சத்தத் தூர எறிஞ்சிராத. தலகாணிக்கு உறை தச்சுக்கலாம்." பிறகு, "அடுத்த வருசம் மத்தவளுகளுக்கு நூலே எடு. மூஞ்சியச் சுளிப்பாளுக. சுளிச்சாச் சுளிக்கட்டும்" என்றாள்.

மறுநாள் பகலில் போய்விட்டாள். நான் அப்போது கேன்டீனில் டீ வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஊருக்குக் கொண்டுவந்தபோது மத்தியானம். எங்கள் பக்கம் எரிப்பதுதான் வழக்கம். கட்டைக்குச் சொல்லவா என்று யாரோ அவள் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். அந்தப் பேசாத மனுஷன் எழுந்து நின்று, "பொதைச்சிருங்க. அவ எரிஞ்சது போதும்" என்றார். கேட்டவர் குழி வெட்டச் சொல்லப் போனார்.

பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். புதுச் சேலை, அவள் மேல் போர்த்துகிற கடைசிச் சேலை. அண்ணன் தம்பி கொண்டுவருவது. எங்களுக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது நான் ஒருத்திதான். "பொம்பளையா இருந்தா என்ன, டீச்சரே கொண்டாரட்டும்" என்றார்கள் பெரியவர்கள். நான் விருதுநகருக்கு ஆட்டோவில் போனேன்.

பாய்க்குச் சேதி தெரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு பார்வைகூட இல்லை. அந்தப் பார்வை பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே போய் ஒரு சுங்குடிச் சேலை எடுத்து வந்தார். அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். தொட்டுப் பார்த்தேன். நூல்தான். அப்போதுதான், அத்தனை நாளைக்கும் சேர்த்து, அந்தக் கடையில் நின்று ஓவென்று அழுதேன்.

தெருவுக்குத் திரும்பியபோது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் நான் சேலை கொடுத்தவர்கள். இரண்டு பேர் கட்டியே வந்திருந்தார்கள். ஒருத்தி ஆனந்தா நீலம், ஒருத்தி அரக்கு. துக்க வீட்டிலும் அந்தப் பளபளப்பு அடங்கவில்லை. நான் கோடியைப் பிரித்ததும் ஒப்பாரி ஒரு நிமிஷம் நின்றது. "என்ன டீச்சர், நூலையா கொண்டாந்தீக?" என்றாள் ஒருத்தி. "சுமங்கலியாப் போறவ. பொறந்த வீட்டுக் கோடி, ஒரு பட்டு கிடைக்கலியா? உங்களுக்கு இருக்கிறது ஒரே தங்கச்சியில்ல?" முகத்தைச் சுளித்தாள். பக்கத்தில் இருந்தவளும் சுளித்தாள்.

அவளை ஆஸ்பத்திரித் துணியால் தலையில் இருந்து கால்வரை சுற்றிக் கட்டியிருந்தார்கள். சேலையைக் கட்டிவிட வழியில்லை. மேலே விரித்துப் போர்த்தினேன். இரண்டு பக்கமும் ஓரத்தைச் செருகினேன்.

"சுளிச்சாச் சுளிங்க" என்றேன். "இது நூல். அவ கேட்டது."